விடிந்தும் போகாத பேச்சு

மலாயாவில், சுவாவுக்கு உள்ளே தள்ளி, கடற்காற்று எட்டிப் பார்க்கிற தூரத்தில் அந்த ரப்பர் தோட்டம் இருந்தது. துரை வைத்த இங்கிலீஷ் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் ஜனங்கள் அதை முந்திரித் தோட்டம் என்றார்கள். முந்திரி மரம் அங்கே பேருக்குக்கூடக் கிடையாது. ஏன் இந்தப் பெயர் என்று கேட்பவனுக்கு வேலை வெட்டி இல்லை என்று அர்த்தம். நமக்கு இருக்கிறது, மேலே போவோம்.

அங்கே பால்மரம் வெட்டிய மணியம் ஓர் ஆள் என்றுதான் ஆள் கணக்கு எழுதி அரிசி அளக்கிற கிராணி நினைத்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டு ஆள் என்பது அவன் பெண்சாதி தாயம்மாவுக்குத் தெரியும். பகல் மணியத்தின் வாயில் 'முடியாது', 'போ', 'உப்பு கூட' என்பதற்கு மேல் வார்த்தை வராது. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய்வந்த மணியமோ கர்ண மகாராஜன். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுப்பான். கேட்காதவனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுப்பான். தன் ஒரே மகள் நீலாவதியை ரந்தாவிலிருந்து வந்த லாரிக்காரனுக்குக் கொடுத்திருக்கிறான். ஆடு வாங்க வந்தவனுக்குக் கொடுத்திருக்கிறான். ஒரு தைப்பூசத்தன்று கோயில் பூசாரிக்கே கொடுத்துவிட்டான். பூசாரியின் பெண்சாதி துடைப்பத்தோடு வந்து நின்ற பிறகுதான் அந்தச் சம்பந்தம் முறிந்தது.

எல்லாம் விடிகிற வரைக்கும்தான். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பது மற்ற ஊர்களில் பழமொழி. முந்திரித் தோட்டத்தில் அது சட்டம். கள் குடித்தவன் என்ன சொன்னாலும் என்ன செய்தாலும், விடியற்காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி அடித்ததும் அது காற்றோடு போய்விடும். யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது, கேட்டால் கேட்டவருக்குத்தான் மரியாதைக் குறைவு. இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் ஆண்பிள்ளைகள் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

தாயம்மாவிடமும் அவன் தினமும் ஒன்று சொல்வான். குடித்துவிட்டு வந்து, தூணைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கச் சொல்வான். "ஏ புள்ள, நாகப்பட்டணத்துலேர்ந்து கப்பல்ல வந்தோமே, நீ யாரு எவருன்னு தெரியாது, வாந்தி வந்து என் துண்டுமேலயே எடுத்திட்டே பாரு, அப்பவே நீதான்னு முடிவு பண்ணிட்டேன்." விடிந்ததும் அவள் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். "எந்தக் கப்பல்? கஞ்சிக்கு உப்பு கூட," என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ராத்திரி சொன்னதைச் சாம்பலோடு சேர்த்துக் காலையில் அள்ளிக் கொட்டிவிடுவாள். கொட்டுகிற நேரத்தில் மட்டும், நிஜமாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றும். அதையும் கொட்டிவிடுவாள்.

இப்போது அவளுக்கு வந்திருந்த தலைவலி வேறு. நீலாவதிக்கு அர்ச்சுனனைப் பிடித்திருந்தது. அர்ச்சுனன் தோட்டத்துத் தென்னை மரங்களில் ஏறிக் கள் இறக்குகிறவன். இறக்குகிறவனும் அவனே, கடையில் மங்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறவனும் அவனே. ஆனால் அவன் ஒரு சொட்டு குடிக்க மாட்டான். ஊரையே தள்ளாட வைத்துவிட்டுத் தான் நேராக நடந்து வீட்டுக்குப் போகிற ஒரே ஆண்பிள்ளை. தாயம்மாவுக்கு இதைவிட வேறு மருமகன் வேண்டாம்.

"முடியாது," என்றான் பகல் மணியம்.

"ஏன் முடியாது?"

"கள்ளு எறக்குறவனுக்குப் பொண்ணக் குடுத்தா, ஓசியில குடிக்கத்தான் குடுத்தான்னு ஊரு சொல்லும்."

"ஊரு வாய மூட ஒலமூடி உண்டா?"

"அதான் சொல்றேன். முடியாது. போ."

அன்று சாயங்காலமே கள்ளுக்கடை வாசலில் அர்ச்சுனனைக் கட்டிப் பிடித்து, "மருமவனே, ஒனக்கில்லாத பொண்ணா?" என்று அழுதான். விடிந்ததும், "எந்த மருமவன்?" என்றான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெடாஸில் அவனுடைய தூரத்து உறவு, கூலியாட்களை மேய்க்கிற தண்டல் ஒருவன், நாற்பதைத் தாண்டியவன், பெண்சாதி போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பாதவன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பரிசத்தோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். அதற்குப் பகல் மணியம், நல்ல புத்தியோடு, வெறும் வயிற்றோடு, சரி என்று சொல்லிவிட்டான். பகலில் சொன்னது நிற்கும். நீலாவதி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தாயம்மா சாப்பிட்டாள், யோசிக்கிறவளுக்குத் தெம்பு வேண்டும் அல்லவா.

யோசனை அவளுக்குக் கள்ளுக்கடைப் பாதையில் கிடைத்தது. அர்ச்சுனனுக்குக் காய்ச்சல் என்று கடை பூட்டிக் கிடந்த ஒரு நாள். விஷயம் தெரியாமல் மணியம் கிளம்பிப் போனான். கூலி வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தைத் தாண்டும்போது நேராக நடந்தான். வாய்க்கால் பாலத்தில் லேசாக ஆடினான். கடை கண்ணில் பட்டதும் தோளில் கிடந்த துண்டு நழுவியது, நாக்குக் குழறியது. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் பாதி போதையில் இருந்தான். தூணைக் கட்டிக்கொண்டு கப்பல் கதையில் வாந்தி வரைக்கும் வந்துவிட்டு, பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிறுத்திக்கொண்டு போய்ப் படுத்தான்.

'அட பாவி மனுஷா,' என்று தாயம்மா நினைத்தாள். 'கள்ளு ஒன்னைப் பிடிக்கல. நீதான் கள்ளப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கற.'

மறுநாள் தென்னந்தோப்பில் அர்ச்சுனனைப் பிடித்தாள். அவன் மரத்திலிருந்து இடுப்பில் குடுவையோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

"அர்ச்சுனா, பாளையில கட்டுற கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா என்ன ஆகும்?"

"புளிக்காது அத்தை. கள்ளாவாது. பதனியா இனிப்பா நிக்கும்."

"குடிச்சா?"

"வயித்துக்கு நல்லது."

"சனிக்கிழமை எல்லாக் கலயத்துலயும் தடவு."

அர்ச்சுனன் மரத்தைத் திரும்பவும் கட்டிக்கொண்டான். மேலே ஏறிவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்கும். "ஐயோ அத்தை, ஆளுங்க என்னைக் கொன்னு போட்டுருவாங்க லா. கங்காணி தோலை உரிச்சிருவாரு."

"ஒன் மாமன் குடிச்சாத்தான் சரிங்கறாரு. ஆனா குடிச்சுச் சொன்னா செல்லாது. குடிக்காம, குடிச்சதா நெனச்சுக்கிட்டு சரின்னா செல்லும். நீலாவதி வேணுமா, ஒன் தோலு வேணுமா?"

கரும்பு தின்னக் கூலி கேட்பார்களா? அர்ச்சுனன் தோலை விட்டுவிட்டான். ஆனால் ஒரு சந்தேகம் கேட்டான். "இனிக்குமே அத்தை. ஒரு வாய் குடிச்சதும் துப்பிருவாங்களே?"

"புதுப்பாளைக் கள்ளுன்னு சொல்லு. மொதல்ல இனிக்கும், பொறகு தூக்கும், பாத்துக் குடிங்கன்னு பயங்காட்டு. பாத்துக் குடின்னு சொன்னா எவன் பாத்துக் குடிச்சான்?"

சுண்ணாம்பை அப்துல் மஜீத் ராவுத்தர் கடையில் வாங்கினாள். சுவா சந்தியில் கடை வைத்திருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டு வண்டியில் வெற்றிலை, பாக்கு, கருவாடு ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கும் வருவார். ஒரு தகர டப்பா நிறையச் சுண்ணாம்பு கேட்டவளை ராவுத்தர் ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, வெத்தலைக்கா, வீட்டுக்கு வெள்ளையடிக்கவா?" என்றார். "சம்பந்தத்துக்கு," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தாயம்மா கள்ளுக்கடைக்கு எதிரே வாழைப் புதருக்குப் பின்னால் தாம்பாளத்தோடு உட்கார்ந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். கொசு பிய்த்தது. அவள் அசையவில்லை.

ராமசாமி கங்காணிதான் முதல் மங்கு குடித்தார். தோட்டத்துக்கே பெரிய மனுஷர், கையில் எப்போதும் ரோத்தான் பிரம்பு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்தார். புருவம் மேலே போனது.

"என்னடா இனிக்குது?"

"புதுப்பாளை கங்காணியாரே," என்றான் அர்ச்சுனன். அவன் குரல் எலிக்குஞ்சின் குரலாக இருந்தது. "மொதல்ல இனிக்கும். பொறகு ஆளத் தூக்கிரும். பாத்துக் குடிங்க."

"எனக்கே சொல்றியா," என்று கங்காணி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மங்கை நீட்டினார்.

இனிப்பு என்றால் சும்மாவா? கசப்பைக் குடிக்கிறவனுக்கு நிறுத்தத் தெரியும். இனிப்பைக் குடிக்கிறவனுக்குத் தெரியாது. குடித்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் "தூக்குதுடா" என்றான். அவ்வளவுதான், எல்லோருக்கும் தூக்கியது. பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தி பெஞ்சியிலிருந்து சறுக்கிக் கீழே விழுந்து, தன் பெண்சாதி பஞ்சாலை தெய்வம் என்றும், இனிமேல் அவள் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தானே தூக்குவேன் என்றும் மண்ணைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். பள்ளிக்கூடத்து அமிர்தலிங்கம் வாத்தியார், பின்வாசல் வழியாக வந்து மறைவாகக் குடிக்கிறவர், அன்று முன்வாசலுக்கே வந்து நின்று, "எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது, இத்தனை வருஷமாகப் பதினைந்தோடு நிறுத்தி ஏமாற்றுகிறேன்," என்று கதறினார். ராமசாமி கங்காணி துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு பெஞ்சியின் மேல் ஏறிக் கும்மி ஆடினார். பெஞ்சியே தாளம் போட்டது. ஆடி முடித்து, "இனிமே எவனையும் பெரட்டுல வய்ய மாட்டேன், எல்லாரும் எம் புள்ளைங்க," என்று பிரகடனம் செய்தார்.

தாயம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஒரு மீனுக்குத் தூண்டில் போட்டாள், குளமே மாட்டிக்கொண்டது.

கடைசியில் மணியத்துக்கும் வந்தது. "மருமவனே," என்று அர்ச்சுனன் கழுத்தைக் கட்டினான். அந்த நொடி தாயம்மா புதரிலிருந்து தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்த கூட்டத்தின் நடுவில், ஊர் பார்க்க, கங்காணி முக்காட்டோடு பார்க்க, மணியம் தன் கையால் தாம்பாளத்தை எடுத்து அர்ச்சுனன் கையில் கொடுத்தான். அர்ச்சுனனும் வெற்றிலையை மாற்றிக் கொடுத்தான். "எம் பொண்ணு ஒனக்குத்தான்," என்றான் மணியம். நாளைக்குக் காலையில் காணாமல் போகிற கூத்து என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மணியம் வழக்கம்போலத் தூணைக் கட்டிக்கொண்டான். வழக்கம்போலக் கண் கலங்கியது. "ஏ புள்ள, நாகப்பட்டணத்துலேர்ந்து கப்பல்ல வந்தோமே," என்று ஆரம்பித்தான்.

தாயம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். இதை அவள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இவன் வயிற்றில் இருப்பது வெறும் பதனி. பதனி குடித்தவன் எதற்கு அழுகிறான்? அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்துபோனது, அவளுக்குத் தெரியவில்லை.

விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. தாயம்மா கல்யாணப் பேச்சை எடுத்ததும், "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. வெள்ளிக்கெழம தண்டலு வர்றான், போ," என்றான் மணியம்.

தாயம்மா போனாள். நேராகக் கோயில் முன்னால் போய் நின்று பஞ்சாயத்தைக் கூட்டினாள். "நேத்து யாரும் குடிக்கல. குடிச்சது பதனி. கலயத்துல சுண்ணாம்பு தடவச் சொன்னது நான். அந்தப் பையனை யாரும் தொடக் கூடாது. வெத்தல மாத்துனது மாத்துனதுதான். எம் மக கல்யாணம் நடந்தாகணும்."

  ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அது பதனி என்றால் மணியத்தின் வாக்கு மட்டுமா நிற்கும்? கணேசமூர்த்தியின் குடமும் நிற்கும். வாத்தியாரின் வாய்ப்பாடும் நிற்கும். கும்மி நிற்கும், ஐயா, கும்மி! ராமசாமி கங்காணி பிரம்பைக் காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அது கள்ளுதான்," என்றார்.

"கள்ளுதான், கள்ளுதான்," என்றார்கள் ஆண்பிள்ளைகள்.

"கள்ளு இல்லாமலா நான் ஆடுவேன்?" என்று கங்காணி கேட்டார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் அது நிற்கவில்லை.

"மிச்சம் ஒரு பானை இருக்கு," என்றாள் தாயம்மா. "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க." அர்ச்சுனன் பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். கங்காணி ஒரு மடக்குக் குடித்தார், முகத்தைச் சுளித்தார். "புளிக்குது," என்றார். கணேசமூர்த்தி குடித்துவிட்டு, "எனக்கு ஏறவே ஆரம்பிச்சிருச்சு," என்று ஆடிக் காட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். முந்திரித் தோட்டத்து ஆண்பிள்ளைகள் பானைப் பதனியில் மறைத்தார்கள்.

இந்த இடத்தில் அமிர்தலிங்கம் வாத்தியார் எழுந்தார். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். "சபையோர்களே, இரு தரப்பும் சரி. மது என்று ஒரு சொல். நிகண்டைப் புரட்டினால் கள்ளும் மது, தேனும் மது, அமுதமும் மது, இனிப்பாயிருந்து ஆளை இழுக்கிற எல்லாமே மது. இளவேனிலும் மது, சித்திரை மாசத்துக்கே மது என்று பெயர். ஓர் அசுரனுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆகையால் பதனியே ஆனாலும் அது மதுதான். மது அருந்தியவன் வாக்கு செல்லாது."

ஆண்பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. "அப்படிச் சொல்லுங்க வாத்தியாரே," என்றார்கள்.

பஞ்சாலை எழுந்தாள். புருஷன் குடம் தூக்குகிறேன் என்று பண்ணின சத்தியம் போய்விடும் என்ற கோபம் அவளுக்கு. "சித்திரை மாசமும் மதுவா? எங்க கல்யாணம் நடந்ததே சித்திரையிலதான். அப்ப அதுவும் செல்லாதா? இந்த ஆளுக்கு நான் ஆக்கிப் போட்டதெல்லாம் சும்மாவா?"

"அது வந்து, அந்தப் பொருள் வேறு," என்றார் வாத்தியார்.

"எந்தப் பொருளும் வேணாம். பதினாறெட்டு எவ்வளவு, சொல்லுங்க."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அப்துல் மஜீத் ராவுத்தர் வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பானையைப் பார்த்தார். "என்ன பஞ்சாயத்து? குடிக்கத் தண்ணியா அது?"

"தொடாதீங்க ராவுத்தரே," என்று கங்காணி அலறினார். "கள்ளு."

"பதனி ராவுத்தரே," என்றாள் தாயம்மா.  இதுதான் கடைசி வழி என்று அவளுக்குத் தெரிந்தது. "உங்க ராமநாதபுரத்துப் பக்கம் பனங்காட்டுல பதனி குடிச்சு வளந்தவரு நீங்க. எங்க வார்த்தையை யாரும் நம்பல. மோந்து பாத்து நீங்க சொல்லுங்க. எம் மக வாழ்வு இதுல இருக்கு."

ராவுத்தர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கள்ளைக் கையால் தொடாதவர், கள்ளுக்கடை இருக்கிற பாதையில் வண்டியைக்கூட ஓட்டாமல் சுற்றிக்கொண்டு வருகிறவர். இது அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பானைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தாடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு மூக்கைப் பானை வாயில் வைத்தார். மோந்தார். எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார். நீலாவதி கோயில் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாடு மட்டும்தான் அசை போட்டது.

"பிஸ்மில்லா," என்று சொல்லி ராவுத்தர் ஒரு மங்கு மொண்டு மடமடவென்று குடித்தார். இன்னொரு மங்கு மொண்டார். அதையும் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல் தங்கச்சி," என்றார். "எங் கடைச் சுண்ணாம்பு. காரம் ஜாஸ்தி."

முடிந்தது. இனிமேல் அதைக் கள் என்று எவனாவது சொன்னால் ராவுத்தர் கள் குடித்தார் என்று சொன்னதாகும். அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த வாரம் யாரிடம் போய் வெற்றிலை வாங்குவது? 

ராமசாமி கங்காணி பிரம்பை எடுத்து மடியில் கிடத்தினார். "மணியம் வாக்கு செல்லும்," என்றார் கடைசியில். "மத்தது எல்லாம்..."

"மத்ததும் செல்லும்," என்றார்கள் பெண்கள்.

மணியம் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். பகல் மணியத்தின் முகம்தான், ஆனால் அதில் 'முடியாது' இல்லை. "சரி. பெடாஸுக்குச் சொல்லி அனுப்பிடறேன். ஆனா மருமவன் கையால ஓசிக் கள்ளு குடிக்கிறான்னு எவனாச்சும் சொன்னா..."

"எவனும் சொல்ல மாட்டான் மாமா," என்றான் அர்ச்சுனன். அவனுக்கு இப்போதுதான் குரல் திரும்பி வந்திருந்தது. "உங்களுக்கு இனிமே பதனிதான்."

ஊர் சிரித்தது. கங்காணிகூடச் சிரித்தார் என்று சொல்கிறார்கள், நான் நம்பவில்லை. மணியம் தாயம்மாவைப் பார்த்தான். எதையோ கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டான். காது சிவந்துவிட்டது. கேட்க வந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் செல்லும் என்றால், தூணைக் கட்டிக்கொண்டு சொன்னதும் செல்லுமா? அவளும் கேட்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் மகளுக்காகச் சண்டை போட்ட வாய்க்கு இந்த ஒன்றைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் கடைக்குப் போகவில்லை. தூண் பக்கமும் போகவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, 'உப்பு கூட' என்றுகூடச் சொல்லாமல் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று தாயம்மா நினைத்தாள். கள் என்கிற சாக்கும் போய்விட்டது, இனி அந்தப் பேச்சும் வராது. மகளுக்கு நல்லது பண்ணப் போய்த் தன் பங்கைத் தொலைத்துவிட்டோம் என்று அழுகை வந்தது. மகள் சந்தோஷமாக இருக்கிறாள் அல்லவா என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரட்டு மணி அடித்தது. இருட்டு இன்னும் விலகவில்லை. லயம் முழுக்க வாளிச் சத்தம். கணேசமூர்த்தி தலையில் சும்மாட்டோடும் குடத்தோடும், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே குழாயடிக்குப் போனான். தாயம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். மணியம் பால் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். அங்கே நின்றான். இவள் பக்கம் திரும்பவில்லை. எதிரே இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு, பகல் மணியத்தின் கரகரத்த குரலில், ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் சொன்னான்.

"அந்தத் துண்டு. கப்பல்ல. பினாங்கு வர்ற வரைக்கும் நான் தொவைக்கல."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று பெரட்டுக்குப் போய்விட்டான்.

"கருமம்," என்றாள் தாயம்மா. சாம்பல் முறம் கையிலேயே இருந்தது. அன்று அவள் அதைக் கொட்டவில்லை. எங்கே வைத்தாள் என்பதும் அவளுக்கு ஞாபகமில்லை. தானும் வேலைக்கு நிற்க வேண்டிய பெரட்டுக்குப் பிந்திப் போய், நேரான பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டு வந்து நின்றவளை ராமசாமி கங்காணி பார்த்தார். வைய வாயைத் திறந்தவருக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

"என்னம்மா தாயம்மா, காலையிலயே குடிச்சிருக்கியா?" என்றார், பிள்ளையைக் கேட்பதுபோல.

"இல்ல கங்காணியாரே," என்றாள் அவள். "விடிஞ்சிருச்சு."